லேத் சுருளைக் கான்கிரீட் பீமில் சேர்ப்பது: கழுவுவதிலிருந்து உடைத்துப் பார்ப்பது வரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ திருமுடிவாக்கத்திலோ எந்த லேத் பட்டறைக்குப் போனாலும், ஓரமாக எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு குவியல் கிடக்கும். கடைசல் பிடிக்கும்போது சீவி விழுகிற இரும்புச் சுருள். அங்கிருந்து காயலான் கடை, பிறகு உருக்காலை என்பது அதன் வழக்கமான பயணம். அதையே நறுக்கி, எண்ணெய் போகக் கழுவி, கான்கிரீட்டில் கலந்தால் விரிசலின் இரு கரைகளையும் பிடித்து நிறுத்துகிற இழையாக வேலை செய்யும்.

இந்தச் சுருள் கம்பிக்கு மாற்று இல்லை. பீமின் அடியில் போடும் 12 மி.மீ. கம்பியையோ, சுற்றிக் கட்டும் ரிங்கையோ இதைக் காட்டிக் குறைக்கக் கூடாது. கம்பி சுமை தாங்குகிறது. சுருள் விரிசலைத் தைக்கிறது. எனவே இதைச் செய்து பார்க்க ஏற்ற இடங்கள் கல்லூரி ஆய்வகத்துச் சோதனை பீம், தரையில் முழுதாகப் படிந்து கிடக்கும் ஷெட் தளம், காம்பவுண்டு பலகை போன்ற சிறு வார்ப்புகள். குடியிருக்கும் வீட்டின் பீமில் போடுவதாக இருந்தால், வரைபடத்தில் கையெழுத்துப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சோதனை முடிவுகளைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான். மேஸ்திரியும் நீங்களும் பேசி முடிவு செய்கிற விஷயம் அல்ல. வெறுங்காலோடு நடக்கும் மொட்டை மாடி, குழந்தைகள் ஓடியாடும் முற்றம் ஆகியவற்றிலும் வேண்டாம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு முனை போதும், காலைக் கிழிக்க.

எந்தச் சுருள்

மைல்டு ஸ்டீல் கடைசலில் வரும் சுருள்தான் நமக்கு வேண்டியது. வார்ப்பிரும்பு கடையும்போது நீளமாக வராது, தூளாகவும் சிம்பாகவும் உதிரும்; விரலில் தேய்த்தால் பென்சில் கரி போல அப்பும். அது காந்தத்தில் ஒட்டும் என்பதால் காந்தச் சோதனையில் தப்பித்துவிடும். கையால் உடைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் ஸ்டீல், பட்டென்று முறிந்தால் ஒதுக்குங்கள். நன்றாக நீலம் பாய்ந்த சுருள் வெட்டும்போது அதிகச் சூடு ஏறியது. அதில் விறைப்பு அதிகம், வளைத்தால் உடைவது நிறைய இருக்கும். கொஞ்சம் கலந்திருந்தால் பரவாயில்லை, முழுக்க அதுவாக இருக்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து அலுமினியம். ஒரே பட்டறையில் காலையில் ஸ்டீல், மத்தியானம் அலுமினியம் என்று ஓடும். இரண்டும் ஒரே டிரம்மில்தான் விழும். சிமென்ட்டின் காரத்தோடு அலுமினியம் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். வார்த்த சில மணி நேரத்தில் மேற்பரப்பு பொங்கி, உள்ளே பஞ்சு போல ஓட்டை விழும். துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. துண்டுகளும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். பித்தளையும் செம்பும் பொங்காது, ஆனால் கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் ஈரத்தில் கம்பி அரிக்க வழி செய்யும்.

பிரிக்கும் முறை எளிது. சுருளை உதறிப் பரப்பி, கயிற்றில் தொங்கும் காந்தத்தால் எடுங்கள். ஒட்டாதது அனைத்தும் வெளியே. ஸ்டீல் சுருளுக்குள் அலுமினியம் சிக்கிக்கொண்டு கூடவே வந்துவிடும் என்பதால், காந்தம் எடுத்ததிலிருந்து 200 கிராம் போல நாலைந்து இடத்தில் மாதிரி எடுத்து, 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் குமிழி கிளம்பினால் அலுமினியம் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீல் சும்மா கிடக்கும். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். கரைசல் செய்யும்போது தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

காயலான் கடையில் மொத்தமாக வாங்குவதைவிட, ஒரே மாதிரி வேலை ஓடும் பட்டறை ஒன்றைப் பிடிப்பது நல்லது. சிப் பிரேக்கர் உள்ள டூலில் ஓடும் சிஎன்சி லேத்தில் சுருள் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் உடைந்து விழும், நறுக்குகிற வேலை பாதியாகும். சாதா லேத்தில் வருவது சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி. அதைத் தகரக் கத்தரியால் வெட்டி உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நாலைந்து கிலோவே பெரிது.

வேண்டிய அளவு: நீளம் 25 முதல் 33 மி.மீ., அகலம் 1 முதல் 2 மி.மீ., தடிமன் 0.3 முதல் 0.5 மி.மீ. அகலம் 1.5, தடிமன் 0.4 என்றால் அதே பரப்புள்ள வட்டக் கம்பியின் விட்டம் சுமார் 0.87 மி.மீ.; 30 மி.மீ. நீளத்தை அதால் வகுத்தால் 34 வரும். கடையில் விற்கும் கொக்கி முனை ஸ்டீல் ஃபைபருக்கு இந்த விகிதம் பெரும்பாலும் 50 முதல் 80. நம்முடையது குட்டைதான், ஆனால் முறுக்கும் பல் போன்ற ஓரமும் இருப்பதால் சிமென்ட்டைக் கவ்விக்கொள்ளும். 33 என்ற மேல் எல்லைக்கும் காரணம் உண்டு: வளைவுச் சோதனைக்கு 100 மி.மீ. பிரிசம் (சதுர முகமுள்ள சிறு வார்ப்பு) வார்க்கும்போது இழை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளமாக இருந்தால் அச்சின் சுவரோடு படுத்துக்கொள்ளும், சோதனை எண் பொய்யாக உயரும். நறுக்கியதை 4.75 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியைக் கழித்துவிடுங்கள்.

கழுவுவது: பாதி வேலை இங்கேதான்

சுருளின் மேல் இருப்பது கட்டிங் ஆயில் அல்லது பால் போன்ற கூலன்ட். இந்த எண்ணெய்ப் படலம் இருக்கும் வரை சிமென்ட் பசை இரும்பைப் பிடிக்காது. விரிசல் விழும்போது இழை வெண்ணெயில் போட்ட கத்தி போல உருவிக்கொண்டு வரும். கலவைக்குள் காற்றுக் குமிழி சேர்வதற்கும், செட்டாகும் நேரம் தள்ளிப்போவதற்கும் அதே எண்ணெய் காரணமாகலாம்.

நெருப்பு வைத்து எண்ணெயைப் போக்கும் வழக்கம் ஒன்று உண்டு. செய்யாதீர்கள். கரும்புகை ஒரு பக்கம்; மறு பக்கம் இரும்பின் மேல் கரியும் செதிலும் படிந்து, எண்ணெயைவிட மோசமான வழுக்குப் படலமாகிவிடும்.

10 கிலோ சுருளுக்கான கணக்கு இது. முதல் நாள் இரவு கம்பி வலை மேல் பரப்பி எண்ணெயை வடியவிடுங்கள், கீழே ஒரு தட்டு. மறுநாள் 40 லிட்டர் தண்ணீரை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, 2 கிலோ வாஷிங் சோடாவும் 100 மி.லி. பாத்திரம் துலக்கும் திரவமும் கரைத்து, சுருளை அரை மணி நேரம் ஊறவைத்துக் கழியால் கிளறுங்கள். வடித்துவிட்டுப் புதுக் கரைசலில் இன்னொரு முறை. பிறகு நல்ல தண்ணீரில் மூன்று அலசல். அலசலில் சோம்பல் கூடாது: மிச்சம் ஒட்டியிருக்கும் வாஷிங் சோடா சிமென்ட்டை அவசரமாக இறுக்கிவிடும், மிக்சரிலிருந்து இறக்குவதற்குள் கலவை கெட்டியாகும்.

கடைசி அலசலைச் சுண்ணாம்புத் தெளிவு நீரில் செய்தால் ஒரு லாபம் உண்டு. ஈரச் சுருள் சென்னைக் காற்றில் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பு ஏறத் தொடங்கும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை அதைத் தள்ளிப்போடும். தகரத்தின் மேல் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வெயிலை நம்பிப் பயனில்லை. ஆய்வகத்து ஓவனில் 105 டிகிரியில் வையுங்கள். லேசான துரு நிறம் பிரச்சினை அல்ல, பிடிமானத்துக்கு நல்லதுகூட. தேய்த்தால் செதிலாக உதிரும் துருவை ஏற்காதீர்கள். காய்ந்ததை மூடியுள்ள டிரம்மில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

எண்ணெய் போனதா என்று எப்படித் தெரியும்? ஒரு கைப்பிடி எடுத்து மேலே தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் சீராகப் படர்ந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் மறுபடி கழுவ வேண்டும். சந்தேகமிருந்தால் 70.6 மி.மீ. மார்ட்டர் கியூப் மூன்று சுருளோடு, மூன்று சுருள் இல்லாமல் வார்த்து 7 நாளில் உடைத்துப் பாருங்கள். சுருள் போட்டது தெளிவாகக் கீழே இருந்தால் கழுவிய லட்சணம் அங்கே தெரிந்துவிடும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டைப் பாழாக்கிவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது மலிவு.

எண்ணெய் கலந்த அந்தத் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது. கழிவு எண்ணெய் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. முதல் வடிதலில் கிடைக்கும் எண்ணெயைத் தனியாகச் சேர்த்து, பட்டறை தன் கழிவு எண்ணெயைக் கொடுக்கும் உரிமம் பெற்ற ஆளிடமே கொடுத்துவிடலாம். கழுவும் வேலையையே சுத்திகரிப்பு வசதி உள்ள பட்டறையில் முடித்துக்கொள்வது இன்னும் சுலபம்.

எந்தக் கணக்கில் ஒரு சதவீதம்?

இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கன மீட்டருக்கு 380 கிலோ சிமென்ட் போடும் கலவையில், சிமென்ட் எடையில் 1 சதவீதம் என்றால் 3.8 கிலோ. கான்கிரீட் எடையில் 1 சதவீதம் என்றால் சுமார் 24 கிலோ. கான்கிரீட்டின் கன அளவில் 1 சதவீதம் என்றால், இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதால், 78.5 கிலோ. மூன்றும் "ஒரு சதவீதம்"தான். முதலுக்கும் கடைசிக்கும் இருபது மடங்கு வித்தியாசம். ஒருவர் "1 சதவீதத்தில் ஒன்றும் நடக்கவில்லை" என்பதும், இன்னொருவர் "1 சதவீதத்தில் கலக்கவே முடியவில்லை" என்பதும் இப்படித்தான் இரண்டுமே உண்மையாகிவிடுகின்றன. இங்கே சொல்வது எல்லாம் கன அளவுச் சதவீதம். எதை எழுதினாலும் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கூடவே எழுதுங்கள்.

லேத் சுருளுக்கு 0.25, 0.5, 0.75 என்று மூன்று அளவும், சுருளே இல்லாத ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். 0.75ஐத் தாண்டினால் கையால் நறுக்கிய சுருள் பந்தாகத் திரள ஆரம்பிக்கும். ஒழுங்காக இறுகாத கான்கிரீட்டைச் சோதித்து என்ன பயன்?

எம்30க்கான கலவை

எம்30 என்றால் 28 நாளில் 30 மெகாபாஸ்கல் அமுக்கு வலிமை தர வேண்டிய கான்கிரீட். அரை ஜல்லி, அதாவது 12 மி.மீ. மட்டும். முக்கால் ஜல்லி போட்டால் பெரிய கல்களுக்கு நடுவே இழை நெருங்கிக் கட்டியாகும். சாதாரண எம்30ஐவிட மணல் பங்கு கொஞ்சம் தூக்கலாக, மணலும் ஜல்லியும் சேர்ந்த எடையில் சுமார் 45 சதவீதமாக வைத்த கணக்கு இது. ஒரு கன மீட்டருக்கு:

ஓ.பி.சி. 53 சிமென்ட் 380 கிலோ
தண்ணீர் 171 லிட்டர் (சிமென்ட்டுக்கு 0.45)
எம்-சாண்ட் 850 கிலோ
12 மி.மீ. ஜல்லி 1,030 கிலோ
சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் அட்மிக்சர்) 3.4 கிலோ

இந்தியத் தர விதி ஐ.எஸ். 10262 முறையில் எம்30க்கு இலக்கு வலிமை 38.25 மெகாபாஸ்கல். இந்த எடைகள் தொடங்கும் இடம்தான். உங்கள் மணல், ஜல்லியின் அடர்த்தியையும் உறிஞ்சும் அளவையும் வைத்துத் திருத்தி, ஒரு டிரையல் போட்ட பிறகே பீமுக்குப் போங்கள்.

50 கிலோ மூட்டை ஒன்றுக்கு என்று சுருக்கினால்: தண்ணீர் 22.5 லிட்டர், எம்-சாண்ட் 112 கிலோ, ஜல்லி 136 கிலோ, அட்மிக்சர் 450 கிராம். இதிலிருந்து வரும் கான்கிரீட் 0.13 கன மீட்டர் சொச்சம். அதற்கு 0.5 சதவீதச் சுருள் 5.2 கிலோ. பாண்டு (கலவை அள்ளும் சட்டி) கணக்கில் அளக்கவே கூடாது. சுருள் பொங்கிக்கொண்டு நிற்கும் பொருள். ஒருவர் அமுக்கி நிரப்பிய பாண்டும் இன்னொருவர் லேசாக நிரப்பியதும் எடையில் எங்கோ இருக்கும்.

சுருள் சேர்க்கும்போது அதே கன அளவு ஜல்லியைக் குறைக்க வேண்டும். 0.5 சதவீதம் என்பது 5 லிட்டர். அதற்கு ஈடான ஜல்லி சுமார் 14 கிலோ. பெரிய விஷயம் இல்லைதான், ஆனால் ஒப்பிடும் கலவைகள் இரண்டும் அப்போதுதான் ஒரே கன அளவாக இருக்கும்.

எம்-சாண்டின் ஈரத்தைக் காலையிலேயே பாருங்கள். 112 கிலோவில் 1 சதவீதம் கூடுதல் ஈரம் என்றால் 1.1 லிட்டர், 22.5 லிட்டரில் அது 5 சதவீதம். முந்தின இரவு மழை பெய்த குவியலில் இந்தப் பிழை ஒன்றே நாள் முழுவதையும் கெடுக்கும். தண்ணீரும் அப்படியே. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. ஐ.எஸ். 456:2000 கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆய்வகத்தில் கொடுங்கள். மெல்லிய சுருளுக்கு உப்பு கம்பியைவிடச் சீக்கிரம் வினையாகும்.

கலக்கும் வரிசை

பேன் மிக்சர் இருந்தால் அதுவே சிறந்தது. சாய்வு டிரம் மிக்சர் என்றால் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

ஜல்லியும் மணலும் போட்டு, பாதித் தண்ணீர் விட்டு அரை நிமிடம். சிமென்ட், மீதித் தண்ணீர், அதில் கரைத்த அட்மிக்சர் சேர்த்து இரண்டு நிமிடம். இப்போது ஸ்லம்ப், அதாவது கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை சரிந்து இறங்கும் அளவு, 100 முதல் 120 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சுருள். கொதிக்கிற தண்ணீரில் உப்புமாவுக்கு ரவை போடுகிற மாதிரி: மிக்சர் சுற்றிக்கொண்டே இருக்க, ஒரு அங்குலக் கண் உள்ள வலை வழியாகக் கையால் உதிர்த்து, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு. மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு சுற்றினாலும் உடையாது. எல்லாம் போட்ட பின் ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. அதற்கு மேல் சுற்றினால் பிரிந்த இழைகளே மறுபடி சுருண்டு திரளும்.

பந்து திரண்டால் கையுறையோடு பொறுக்கி வெளியே எடுத்து எடை போட்டு, அந்த எடையைச் சேர்த்ததிலிருந்து கழித்து எழுதுங்கள். 5.2 கிலோவில் அரை கிலோ பந்தாக வந்துவிட்டால் உங்கள் 0.5 சதவீதம் 0.45 ஆகிவிட்டது.

சுருள் போட்டதும் ஸ்லம்ப் பாதிக்கு மேல் விழும். இங்கேதான் வேலையாள் "கலவை கெட்டியா இருக்குண்ணே" என்று ஒரு மக் தண்ணீரைச் சாய்ப்பார். அந்த ஒரு மக்கில் பரிசோதனை முடிந்தது. வலிமை குறையும், பழி சுருள் மேல் விழும். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் ஸ்லம்ப் கூம்பு குறைவாகக் காட்டுகிறது. வைப்ரேட்டர் பட்டால் அதே கலவை நன்றாக இறங்கும். நிஜமாகவே கெட்டி என்றால் அட்மிக்சரைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் ஒப்பிட வைத்திருக்கும் சுருள் இல்லாத கட்டுப்பாட்டுக் கலவைக்கும் அதே அளவு கொடுக்க வேண்டும்.

பீம், கம்பி, வார்ப்பு

150 மி.மீ. அகலம், 200 மி.மீ. ஆழம், 1,700 மி.மீ. நீளம், தாங்கிகளுக்கு நடுவே 1,500. கீழே இரண்டு 12 மி.மீ. எஃப்இ 500 கம்பி, முனைகளை மேல் நோக்கி மடக்கி. மேலே இரண்டு 8 மி.மீ. 8 மி.மீ. ரிங் 100 மி.மீ. இடைவெளியில் 18, வெளி அளவு 100க்கு 150, கொக்கி 135 டிகிரி. கவர் (ரிங்குக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்) 25 மி.மீ.; கவர் பிளாக் வைத்தே தீர வேண்டும், ஜல்லித் துண்டு செருகுவது வேண்டாம். இந்த அளவில் இரு கம்பிகளுக்கும் நடுவே 60 மி.மீ. இடம் இருக்கும், 30 மி.மீ. இழை தடங்கலின்றி உள்ளே போகும்.

ஒரு பீமின் கன அளவு 0.051 கன மீட்டர். ஒவ்வொரு கலவைக்கும் மூன்று பீம், ஆறு கியூப், மூன்று சிலிண்டர், மூன்று 100 மி.மீ. பிரிசம் என்றால், சிதறலுக்கு 15 சதவீதம் சேர்த்து 0.235 கன மீட்டர். மூன்று அளவுகளுக்கும் சேர்த்துத் தேவைப்படும் சுத்தமான சுருள் 28 கிலோ. பொறுக்குவது, சலிப்பது, எண்ணெய் எல்லாம் கழிந்து இவ்வளவு மிஞ்ச வேண்டுமானால் 60 கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். பாதியில் தீர்ந்துபோய் வேறு பட்டறைச் சுருளைக் கலந்தால் ஒப்பீடு செத்தது.

கலவையை இரண்டு அடுக்காக வார்க்க வேண்டும். ஊசி வைப்ரேட்டரை இந்தக் கலவையில் கூடுமானவரை தவிர்க்க வேண்டும்: உருவி எடுக்கும் இடத்தில் இழையே இல்லாத வெறும் பசைத் தூண் நிற்கும், விரிசல் அதைத் தேடிப் போகும். அதிர்வு மேசையோ, அச்சின் வெளிப்பக்கம் பிடிக்கும் வைப்ரேட்டரோ நல்லது. வேறு வழியில்லை என்றால் 25 மி.மீ. ஊசியை இரு தாங்கிப் பக்கங்களில் மட்டும் விட்டு, நடு மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து தட்டுங்கள். கம்பியால் குத்துவதும் கூடாது, இழைகளைச் செங்குத்தாகத் திருப்பிவிடும்; நமக்கு வேண்டியது பீமின் நீளவாக்கில் கிடப்பவை.

மேல்முகத்தை மட்டப்பலகையால் அழுத்தித் தேய்த்து, நீட்டிய முனைகளை உள்ளே தள்ளுங்கள். பக்கவாட்டில் தெரியும் சுருள் சில வாரத்தில் துருப்புள்ளி விடும். பெரும்பாலும் அது அழகுக் குறைதான். அக்னி நட்சத்திரக் காலமானால் விடியற்காலையில் வார்த்து, செட்டானதும் ஈரச் சாக்கு போர்த்தி, மறுநாள் அச்சைக் கழற்றி, 28 நாள் தண்ணீர் விட வேண்டும். நாலு கலவைகளையும் ஒரே நாளில், ஒரே மூட்டை லாட்டில் முடிப்பது உத்தமம்.

பீமை ஏற்றுவதற்கு முன்

கியூபை உடைக்கும் முன் எடை போடுங்கள். இந்தக் கலவையில் சுருள் இல்லாத 150 மி.மீ. கியூப் 8.2 கிலோ இருக்கும். 0.5 சதவீதம் சேர்த்தது 8.3 கிலோ இருக்க வேண்டும். சுருள் போட்ட கியூப் போடாததைவிட எடை குறைவாக நின்றால் உள்ளே ஓட்டை. அதை உடைத்து வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. அமுக்கு வலிமையில் பெரிய ஏற்றம் எதிர்பார்க்காதீர்கள். சுருளின் வேலை இழுவையில்.

பீமுக்குச் சுண்ணாம்பு பூசி, 50 மி.மீ. கட்டம் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தூரங்களில் இரு புள்ளிச் சுமை கொடுங்கள். நடுவிலும் இரு சுமைப் புள்ளிகளின் கீழும் டயல் கேஜ். முன்கூட்டியே எண்களைக் கணக்கிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வளைவு இழுவை 0.7√30, அதாவது 3.83 மெகாபாஸ்கல், முதல் விரிசல் மொத்தச் சுமை 15 கிலோ நியூட்டன் வாக்கில். ஐ.எஸ். 456 வடிவமைப்புத் தாங்குதிறன் 13.3 கிலோ நியூட்டன் மீட்டர், சுமையாகச் சொன்னால் 53 கிலோ நியூட்டன். பாதுகாப்புக் குணகங்கள் இல்லாத நிஜ உடைவு 65ஐ ஒட்டியோ சற்று மேலோ வரும். 10 வரை விரைவாகப் போய், அதன் பின் 20 வரை 1 கிலோ நியூட்டன் படிகளாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் விரிசலைத் தவறவிடுவீர்கள். பிறகு 5 கிலோ நியூட்டன் படிகளாகப் போகலாம்.

எதை எதிர்பார்ப்பது? கீழே உள்ள 226 சதுர மி.மீ. கம்பி விளையும்போது (மீளாமல் நீளத் தொடங்கும்போது) கொடுக்கும் இழுவை 113 கிலோ நியூட்டன். விரிசல் வாயில் சுருள் அரை மெகாபாஸ்கல் இழுவையைப் பிடித்து நிற்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 150க்கு 140 மி.மீ. பரப்பில் அது பத்து கிலோ நியூட்டன் சொச்சம்தான். அதன் நெம்புதூரமும் கம்பியுடையதைவிடக் குறைவு. ஆக உச்சச் சுமை சில சதவீதம் ஏறலாம். உங்கள் பீம் 40 சதவீதம் அதிகம் தாங்கியதாகக் கணக்கு வந்தால் கொண்டாடாமல் கட்டுப்பாட்டு பீமைச் சந்தேகப்படுங்கள்: கவர் கூடிப்போய்க் கம்பி மேலேறியதா, கம்பி வேறு லாட்டா என்று.

பலன் தெரிகிற இடம் வேறு. 35 கிலோ நியூட்டனில், அதாவது வேலைச் சுமை அளவில், விரிசல் அகலத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்து இரு பீம்களையும் ஒப்பிடுங்கள். சாதாரண நிலைக்கு 0.3 மி.மீ. என்பது ஐ.எஸ். 456 எல்லை. சுருள் நன்றாக வேலை செய்தால் விரிசல்கள் எண்ணிக்கையில் கூடி, அகலத்தில் குறையும். உச்சத்துக்குப் பிறகு மேல்முகக் கான்கிரீட் நொறுங்கும்போதும் சில்லுகள் உதிராமல் தொங்கிக்கொண்டு நிற்கும்.

ரிங்கைக் குறைக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அமெரிக்க ஏ.சி.ஐ. 318 கோடு (கான்கிரீட் கட்டட விதித்தொகுப்பு), சில நிபந்தனைகளோடு குறைந்தபட்ச ரிங்குக்குப் பதிலாக ஸ்டீல் ஃபைபரை அனுமதிக்கிறது: ஆழம் 600 மி.மீ. வரை, கன மீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையாமல், கொக்கி முனையோ நெளிவோ உள்ள, தரச் சான்று பெற்ற ஃபைபர். லேத் சுருள் அந்த வகையில் வராது. பட்டறைக்குப் பட்டறை, டூலுக்கு டூல் அது மாறும். எந்தக் கோடும் அதற்குப் பொறுப்பேற்காது. ரிங் ரிங்காகவே இருக்கட்டும்.

உடைந்த பீமை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். பெரிய விரிசல் ஒன்றின் வாயைச் சம்மட்டியால் பிளந்து, முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சுருளை எண்ணுங்கள். மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் கலவை தளர்ந்து இழை கீழே இறங்கியிருக்கிறது. அதிர்வு நேரத்தைக் குறையுங்கள். முனை முறிந்து நின்றால் நீலம் பாய்ந்த விறைப்பான சுருள் அதிகம். உருவிக்கொண்டு வந்திருந்தால், அது இருந்த குழியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் இழை பிடித்துப் போராடித்தான் வந்திருக்கிறது. வழவழவென்று கருமையாக மினுங்கினால் எண்ணெய் போகவில்லை. அடுத்த முறை கழுவும் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்.